ஐஸ் கணக்கு

செக்போஸ்ட் தாண்டி இஞ்சிவிளையில்
வெல்டிங் பட்டறைக்கும் லாட்டரிக் கடைக்கும் நடுவே
ஆறடிக்கு எட்டடி என் கடை.
மீன்கறி வைத்து, உறையவைத்து,
வெளிநாடு போகிறவர்களுக்குக் கட்டிக் கொடுப்பேன்.
பலகையில் ஒரு பாதி தமிழ், ஒரு பாதி மலையாளம்.
இரண்டிலும் கனகபாய்தான்.

மஸ்கட் என்றால் கால் கட்டி ஐஸ்.
தம்மாம், அரைக் கட்டி.
லண்டனுக்கு இரண்டு சுற்று தெர்மாகோல்,
அதற்கு மேல் மலையாளப் பேப்பர்.
தமிழ்ப் பேப்பர் சீக்கிரம் நனைகிறது, ஏனென்று தெரியவில்லை.
நான் பிளேனில் ஏறியதில்லை.
ஆனால் எந்த ஊர் எத்தனை ஐஸ் தூரம் என்று
என்னிடம் கேட்கலாம்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் டென்னிசன் வந்தான்.
படந்தாலுமூட்டுக்காரன், டைல்ஸ் ஒட்டுகிற வேலை,
நகக்கண்ணில் வெள்ளைச் சிமெண்டு.
"எட்மண்டனுக்கு ஒண்ணு கெட்டணும் அக்கா.
நெய்மீன் புளிமுளம். ஷைனிக்கு."
"எம்பிடு நேரம்?"
போனைத் திருப்பிக் காட்டினான்.
நேர்கோட்டில் பதின்மூவாயிரம் கிலோமீட்டர்.
இரண்டு ஊரில் இறங்கி ஏறி முப்பத்தொரு மணி நேரம்.

முப்பத்தொன்றுக்கு நான் கட்டியதே இல்லை.
"இந்தக் கோடு எந்த வழியா போவுது?"
விரலால் நீவிப் பெரிதாக்கினான்.
கோடு வடக்கே போய், இன்னும் வடக்கே போய்,
உலகத்தின் உச்சந்தலையை உரசிக்கொண்டு
மறுபக்கம் இறங்கியது.
"அங்க முழுக்க ஐஸுதான் அக்கா. சும்மா கெடக்கு."
ஆண்டவரே.
நான் கட்டி ஒன்று எண்பது ரூபாய்க்கு வாங்குகிறேன்.
"அப்பம் நடுவில ஒரு நிமிஷம் நிப்பாட்டி,
பெட்டிய வெளிய வச்சா..."
"அந்த வழியா பிளேன் கெடையாது.
அபுதாபி போயி, டொரண்டோ போயிதான்."

ஐஸை உடைத்து, கல் உப்பு தூவி, அடுக்க ஆரம்பித்தேன்.
அவன் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துப் பேசினான்.
கல்யாணம் கழிந்து பதினேழு நாள் இருந்தாள்.
பிறகு இரண்டு வருஷம் போன்தான்.
பன்னிரண்டரை மணி நேரம் வித்தியாசம்.
"ராத்திரி சண்டை போட்டுட்டு நான் உறங்கிருவேன்.
அவ அந்தச் சண்டையோட
பகல் முழுக்க ஆஸ்பத்திரில நிக்கணும்."

என் ஆள் நெடுமங்காட்டில் இருக்கிறார்.
நாற்பது கிலோமீட்டர், பதினோரு வருஷம்.
அதற்கு எந்த அளவுப் பெட்டி என்று
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
டேப்பை இழுத்து நான்கு மூலையும் ஒட்டினேன்.

"மேல ஏறியாச்சுன்னா பயமில்ல மக்கா,
பிளேன் வயித்துக்குள்ள குளிருதான்.
நீ பலராமபுரத்தத் தாண்டு."
இங்கிருந்து ஏர்போர்ட் முப்பத்தைந்து கிலோமீட்டர்.
முகூர்த்த நாளென்றால் இரண்டரை மணி நேரம்.
கடலைத் தாண்டும்போது உருகாத ஐஸ்
அந்தச் சந்திப்பில்,
கேஎஸ்ஆர்டிசி பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே
ஒரு விரற்கடை இறங்கிவிடும்.
என் கணக்கில் உலகத்திலேயே தூரமான ஊர் அதுதான்.

மூன்று நாள் எனக்குச் சரியாக உறக்கமில்லை.
எந்த ஊரில் சொட்டுகிறதோ, யார் சட்டையில் வடிகிறதோ.

நாலாம் நாள் ஷைனியின் குரல் வந்தது.
"அக்கா, ஒரு சொட்டு ஒழுகல்ல.
இங்க மைனஸ் இருபத்தெட்டு.
இந்த மனுசன் ராத்திரி பெட்டிய
கார் டிக்கிலயே மறந்து வச்சிட்டாரு.
காலைல மீனெடுக்கச் சுத்தியல் தேடுனோம்."
பின்னால் டென்னிசன் எதையோ மறுத்துப் பேசினான்.
பிறகு இரண்டு பேரும் சிரித்தது
ஒரே நேரத்தில் கேட்டது.

இரண்டாவது தடவையும் போட்டுக் கேட்டேன்.
கை துடைத்து, கணக்கு நோட்டில் எழுதினேன்:
எட்மண்டன். கார்த்திகை முதல் பங்குனி வரை
பலராமபுரத்துக்கு மட்டும் ஐஸ் போதும்.